நாரை சொன்னதற்கு மாறாக

கொரிய நாட்டின் தென்கடலோரக் காடு ஒன்றில் இரண்டு கட்சிகள் இருந்தன, குழந்தைகளே. கிழக்குத் தோப்பு ஒரு கட்சி, மேற்குத் தோப்பு இன்னொரு கட்சி. அரசரின் தாய் இறந்தபோது துக்கத்துக்காக வாலை எவ்வளவு காலம் தாழ்த்தி வைப்பது என்று தொடங்கிய சண்டை அது. அரசரான மானே துக்கத்தை மறந்து துள்ளத் தொடங்கிய பிறகும் சண்டை மட்டும் ஓயவில்லை.

ஒருநாள், கடலுக்கு அப்பாலுள்ள தீவில் ஓநாய்கள் கூட்டம் சேர்ப்பதாகச் செய்தி வந்தது. பார்த்துவர மேற்குத் தோப்பிலிருந்து துருமி என்ற நாரையையும், கிழக்குத் தோப்பிலிருந்து சோரி என்ற வால்காக்கையையும் அரசர் அனுப்பினார்.

இரண்டும் ஒரே பாறையில் உட்கார்ந்து ஒரே காட்சியைத்தான் பார்த்தன. ஓநாய்கள் மரங்களைச் சாய்த்து ஓடங்கள் கட்டிக்கொண்டிருந்தன. "உங்கள் மான் நன்றாகக் கொழுத்திருக்கிறாரா?" என்று தலைவன் ஓநாய் நலம்கூட விசாரித்தது.

சபையில் துருமி முந்திக்கொண்டது. "அரசே, பனி உருகியதும் ஓநாய்கள் வரும். வேலியைப் பலப்படுத்துங்கள்."

சோரிக்கு வயிறு எரிந்தது. இதையே சொல்லத்தான் அதுவும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தது. ஆனால் நாரையின் பேச்சுக்கு ஆமாம் போட்டால் கிழக்குத் தோப்பின் மானம் என்னாவது?

"ஓடமா? குளிருக்குக் கூரை போடுகின்றன, அரசே," என்றது சோரி. "நாரைக்குக் கால்தான் நீளம், பார்வை இல்லை."

கிழக்குத் தோப்பு விழுந்து விழுந்து சிரித்தது. வேலி வேலைக்குச் சோம்பியிருந்த அரசரும் மகிழ்ந்து, "சோரி சொன்னதே சரி!" என்றார்.

வெளியே வந்ததும் கிழக்குத் தோப்பு முயல் ஒன்று சோரியின் காதருகே கேட்டது. "நிஜமாகவே ஓநாய்கள் வராதா?"

"வராமல் என்ன? வரும்."

"பிறகு ஏன் அப்படிச் சொன்னாய்?"

"நம் தோப்புக்காக!"

"பலே!" என்று மெச்சிய முயல், வீட்டுக்குப் போய்ச் சத்தமில்லாமல் தன் வளையை ஆழமாகத் தோண்டிக்கொண்டது.

பனி உருகியது. ஓநாய்கள் வந்தன. அரசர் வடக்கே ஓடினார். இரண்டு தோப்புகளும் எந்த வித்தியாசமும் பார்க்காமல் எரிந்தன. கூட்டையும் குஞ்சுகளையும் இழந்த சோரி ஒரு கரிக்கட்டைமேல் உட்கார்ந்து, "சபாஷ் சோரி, நாரையை ஜெயித்துவிட்டாய்," என்று தன்னைத் தானே பாராட்டிக்கொண்டு அழுதது.

கடலோரத்தில் ஓர் ஆமை மட்டும் ஓநாய்களின் ஓடங்களை அடியிலிருந்து முட்டிக் கவிழ்த்துக்கொண்டிருந்தது. அது சோரியைக் கூப்பிட்டது. "மேலே ஏறிப் பார்த்து எனக்கு வழி சொல்! இதுவரை சொன்ன நாரை சிறகொடிந்து கிடக்கிறது."

"நீ எந்தத் தோப்பு?" என்றது சோரி, பழக்கதோஷத்தில்.

"எனக்கு மரமே ஏறத் தெரியாது. அடுத்த ஓடம் எந்தப் பக்கம்?"

"நாரை எந்தப் பக்கம் என்றது?"

"அதை விடு. உன் கண்ணுக்கு என்ன தெரிகிறது?"

சோரி பறந்து பார்த்தது. "இடப்பக்கம்!"

நாணலுக்குள்ளிருந்து துருமியின் ஈனக்குரல் கேட்டது. "ஆமாம், இடப்பக்கம்தான்."

உடனே 'வலப்பக்கம்' என்று கத்தச் சோரிக்கு நாக்கு துறுதுறுத்தது. அலகை இறுக மூடிக்கொண்டது. ஆமை இடப்பக்கம் பாய்ந்தது. ஓடம் கவிழ்ந்தது.

நீதி: எதிராளி சொல்லிவிட்டார் என்பதற்காக உண்மை பொய்யாகிவிடாது.