பல்லி சொன்ன காண்ட்ராக்டர்

ரைஸ்மில் தெருவில் ஒரு வீடு இருந்தது. நெற்றியில் 'பாக்கியம் இல்லம்' என்று சிமெண்டில் எழுதியிருந்ததால், தெருவில் இருந்த மற்ற வீடுகளெல்லாம் அவளைப் பாக்கியம் என்றே கூப்பிட்டன. வயது முப்பத்தைந்து. வீடுகளுக்கு அது நடுவயதுதான். ஆனால் யாரும் கவனிக்காத நடுவயது எப்படி இருக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பாக்கியத்துக்கு ஒரு நோய் இருந்தது. குளியலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நின்ற சுவரில் ஈரம். முதலில் உள்ளங்கை அளவு. பிறகு முறம் அளவு. ஆடி பிறப்பதற்குள் ஒரு பாயை விரித்து மாட்டியது போல ஆகிவிட்டது. பூச்சு உதிர்ந்தது, பூஞ்சை பூத்தது. அங்கே ஆணியில் தொங்கிய காலண்டர் சாமிக்கே ஜலதோஷம் பிடித்திருக்கும்.

உள்ளே குடியிருந்த குடும்பம் ஒருநாள் கூடத்தில் உட்கார்ந்து பேசியது அவள் காதில் விழுந்தது.

"தை மாசத்துக்குள்ள இது சரியாகணும். ஆகலேன்னா வித்துட்டு வேற இடம் பார்த்துடுவோம். வாங்கறவன் இடிச்சுட்டு என்னத்தையோ கட்டிக்கட்டும்."

அன்றிலிருந்து பாக்கியத்துக்கு அஸ்திவாரம் வரை நடுக்கம். ஆனாலும் ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது என்று ஒரு மாதத்தைச் சும்மா ஓட்டினாள். ஆடி பார்த்து ஈரம் காத்திருக்குமா? அது பாட்டுக்கு ஜன்னல் வரை ஏறிவிட்டது.

எதிரே கோமளா பவனம். இரண்டு மாடி, முகப்பு முழுக்க டைல்ஸ். "என்னடி பாக்கியம், இந்தப் பக்கம் காத்தடிச்சா ஒரே பூஞ்சை நாத்தம்! எனக்கெல்லாம் இப்படி வந்ததே இல்லைடீம்மா" என்று கோமளா தினமும் ஒரு தடவையாவது சொல்வாள். அந்த டைல்ஸுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது டைல்ஸுக்குத்தான் வெளிச்சம்.

ஆவணி பிறந்தது. ஒரு வியாழக்கிழமை பாக்கியம் வேலைக்கு ஆள் கூப்பிட்டாள். மூன்று பேர் வந்தார்கள்.

முதலில் வந்தவன் பெயிண்ட் பிரஷ். வாரி விட்ட தலைமயிர், கையில் வண்ண அட்டை.

"அக்கா, உங்களுக்கு நோய்னு எவன் சொன்னான்? உங்க வயசுக்கு இந்தக் கட்டு யாருக்கு இருக்கு? முகம் கொஞ்சம் வாடியிருக்கு, அவ்வளவுதான். இந்த மாந்தளிர் நிறத்தைப் பாருங்க. உங்களுக்கு அள்ளிக்கிட்டுப் போகும்!"

"அது சரி தம்பி, ஈரம்?"

"அதையும் நானே பார்த்துக்கறேன் அக்கா. எல்லாமே என் பொறுப்பு. நீங்க வாசலைத் திறந்து வெச்சா போதும். மூணே நாள்!"

ஈரத்தை எப்படிப் பார்த்துக்கொள்வான் என்று அவள் கேட்கவில்லை. அக்கா என்ற சொல் நெய்ச்சோறு மாதிரி உள்ளே இறங்கியிருந்தது.

அடுத்து வந்தவன் சம்மட்டி. வாசற்படியில் கால் வைத்தபோதே படியின் முனை பெயர்ந்தது.

"இந்தச் சுவர்தானே? எடுத்துடலாம். பக்கத்துச் சுவரையும் எடுத்துடலாம். அடுக்களையை முன்னாடி கொண்டாந்து, மேல ஒரு மாடி ஏத்தி..."

"ஐயையோ, நான் கூப்பிட்டது ஒரு சுவருக்குப்பா!"

"பல் வலின்னு வந்தா நான் தாடையோட எடுக்கறவன்மா. அப்பதான் மறுபடி வலிக்காது" என்றான் சம்மட்டி. அதை அவன் பெருமையாகத்தான் சொன்னான்.

கடைசியில் வந்தவன் குழாயைப் பிடித்துத் திருகும் பைப் ரெஞ்சு. வாயெல்லாம் துரு, உடம்பெல்லாம் கிரீஸ். வணக்கமும் இல்லை, அக்காவும் இல்லை. நேரே ஈரச் சுவரிடம் போய்க் காதை வைத்து நின்றான்.

"தண்ணி எங்கேருந்து வருது?"

"நல்லா இருக்கே! அது தெரிஞ்சா உன்னை ஏம்ப்பா கூப்பிடறேன்?"

"தெரியாமலே வேலையைத் தொடங்கச் சொல்றீங்களா? மொட்டை மாடித் தொட்டியை நிரப்பி, தண்ணி நிக்கிற மட்டத்துல சாக்பீஸால ஒரு கோடு போடணும். எல்லாக் குழாயையும் ஒரு பகல் பூரா மூடி வைக்கணும். சாயங்காலம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தா, சுவருக்குள்ள குழாய் ஒழுகுதுன்னு அர்த்தம். நாளைக்கே பார்த்துடலாம்."

"நாளைக்கா? வெள்ளிக்கிழமை!" என்று பாக்கியம் பதறினாள். "தலைக்குக் குளிக்க வேண்டாமா? வெளக்குக் கழுவ வேண்டாமா? வெள்ளிக்கிழமை தண்ணியை அடைச்சா வீட்டுல லட்சுமி நிப்பாளா?"

"லட்சுமி நிக்கறது இருக்கட்டும். முதல்ல சுவர் நிக்கணும்."

பாக்கியத்துக்குச் சுருக்கென்றது. "சரி, ஒழுகுறதை அடைச்சப்புறம் பூசி, வண்ணம் அடிச்சுக் கொடுப்பியா?"

"எனக்குப் பூசத் தெரியாது. தண்ணியை நிறுத்தறதோட என் வேலை முடிஞ்சுது. பூச்சுக்குக் கொத்துக் கரண்டியைக் கூப்பிடுங்க. சுவர் நல்லாக் காயட்டும். அதுக்கப்புறம் பிரஷ் வரட்டும்."

"ஒரு சுவருக்கு மூணு ஆளா!"

"கல்யாணத்துல ஐயரே மந்திரம் சொல்லி, ஐயரே பந்தி பரிமாறி, ஐயரே நாயனமும் வாசிக்கறாரா?" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ரெஞ்சு போய்விட்டான்.

மூன்று பேர் வந்ததில் ஒருவன்தான் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டான். அவனைத்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

பாக்கியத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் காரியமானாலும் பல்லியைக் கேட்காமல் செய்யமாட்டாள். அந்த ஈரச் சுவரிலேயே, காலண்டருக்குப் பின்னால் ஒரு பல்லி வெகுகாலமாகக் குடியிருந்தது. அது சத்தமிட்டால் நல்ல வாக்கு. உடனே பாக்கியம் தன் கதவுத் தாழ்ப்பாளால் மூன்று முறை தட்டிக்கொள்வாள். பதினைந்தடி உயரத்து வீடு, விரல் நீளப் பல்லியிடம் வாக்குக் கேட்டு நிற்பாள்.

"ரெஞ்சுகிட்ட கொடுக்கட்டுமா?"

பல்லி வாலைத் திருப்பிக்கொண்டது.

"சம்மட்டிகிட்ட?"

பல்லி காலண்டருக்குப் பின்னால் ஓடி ஒளிந்தது.

"பிரஷ்கிட்ட?"

"ச்சு, ச்சு, ச்சு" என்றது பல்லி.

டொக், டொக், டொக் என்று தட்டியது தாழ்ப்பாள்.

பிரஷ் வந்தான். பூஞ்சையை மேலாகச் சுரண்டினான், உதிர்ந்த இடத்தில் எதையோ அப்பினான், மேலே மாந்தளிரை இரண்டு கோட் இழுத்தான். சொன்னபடி மூன்றே நாள். அந்த மூன்று நாளும் பல்லி ஜன்னல் கம்பியில் இருந்துவிட்டு, நான்காம் நாள் தன் இடத்துக்குத் திரும்பியது.

"அடியே பாக்கியம்! புதுப்பொண்ணு மாதிரி இருக்கியேடி!" என்றாள் கோமளா. பாக்கியம் கதவு ஜன்னலையெல்லாம் திறந்து போட்டுக்கொண்டு, தெருவில் போகிற நாய்க்குக்கூடக் கூடத்தைக் காட்டினாள்.

ஐப்பசி பிறந்தது. அடைமழை பிடித்தது. உள்ளே ஊறிய தண்ணீர் வெளியே காயவும் வழியில்லாமல், மாந்தளிர்த் தோலுக்கு அடியில் கொப்புளம் கட்டியது. காலையில் கடுகளவு, மத்தியானம் அப்பளத்தளவு.

அந்த நேரம் பார்த்தா அந்த வீட்டுப் பெண்ணைப் பெண் பார்க்க வருவார்கள்? வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா அந்தச் சுவரில்தான் சாய்ந்து உட்கார்ந்தாள். கொப்புளம் ஒன்று வெடித்து, ஒரு சில்லு அவள் தட்டில் விழுந்தது. கேசரியும் அதே நிறம். அந்த அம்மாள் இரண்டையும் சேர்த்து மென்றாள். மென்றவள் முகம் மாறியதைப் பாக்கியம் பார்த்தாள். பார்க்காமல் இருக்க வீட்டால் கண்ணை மூடவா முடியும்?

வந்தவர்கள் சொல்லிக்கொள்ளாமலே போனார்கள். குடும்பம் அன்றே முடிவு செய்துவிட்டது. தை வரைகூடக் காத்திருக்க வேண்டாம், விற்றுவிடலாம்.

பாக்கியம் பிரஷைக் கூப்பிட்டனுப்பினாள். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, "நான் அடிச்ச வண்ணத்துல ஒரு குறையும் இல்லைக்கா. உங்க சுவருக்குத்தான் ஒட்டற குணம் இல்லை" என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பேச்சுக்கும் அவன் அக்கா போடத் தவறவில்லை.

மறுநாள் அளவு டேப் வந்தான். வாசல் கேட்டிலிருந்து கொல்லை மதில் வரை நீண்டான், சுருண்டான், மறுபடி நீண்டான். பாக்கியம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"கூடத்தை அளக்கலையாப்பா? நல்ல விசாலம். அடுக்களைகூடக் காத்தோட்டமா இருக்கும்."

"உன்னை யாரும்மா அளக்கறா? உனக்குக் கீழே இருக்கிற மண்ணை அளக்கறேன்" என்றான் டேப்.

கேட்டருகே சம்மட்டி நின்றிருந்தான். "அப்பவே சொன்னேன், தாடையோட எடுத்துடலாம்னு. வர்ற வாரம் நானே வரேம்மா" என்று சிரித்துவிட்டுப் போனான்.

பாக்கியம் பல்லியைப் பார்த்து அலறினாள். "நீ சொன்னபடிதானே செஞ்சேன்! என்னை இடிக்கப் போறாங்க. இப்ப என்ன செய்யணும், சொல்லு!"

பல்லி ஓர் ஈசலை வாயில் கவ்வியிருந்தது. "இடிச்சா என்ன? எனக்கு எதிர்வீடு இருக்கு" என்றது.

அப்போதுதான் பாக்கியம் அதை நன்றாகப் பார்த்தாள். கோடையில் குச்சி மாதிரி இருந்த பல்லிக்கு இப்போது தொந்தி போட்டிருந்தது.

"சுவர் காஞ்சு போயிருந்தா உனக்கு என்ன ஆகியிருக்கும்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஈரம் இல்லாத சுவருக்கு எந்தப் பூச்சி வரும்?" ஈசலை விழுங்குகிற மும்முரத்தில் பல்லி உண்மையைச் சொல்லிவிட்டது. பிறகு, சொன்னால்தான் என்ன என்பது போல வாலை ஆட்டியது. "நல்லதா கெட்டதான்னு கேட்டே, சொன்னேன். யாருக்கு நல்லதுன்னு நீ கேக்கவே இல்லையே!"

பாக்கியம் உடனே ரெஞ்சுக்கு ஆள் அனுப்பினாள்.

அவன் மழையில் நனைந்தபடி வந்தான். வந்தவன் வாசலிலேயே நின்றான். "இன்னைக்கு வெள்ளிக்கிழமை ஆச்சே! லட்சுமிகிட்ட உத்தரவு வாங்கியாச்சா?"

"குத்திக் காட்டாதேப்பா. அடைச்சுத் தொலை."

"பல்லிகிட்ட?"

தெருவுக்கே தெரிந்த கதைதான் போலிருக்கிறது.

"ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளின்னு சொல்வாங்க. உங்க பல்லி கெட்டிக்காரப் பல்லிம்மா. உங்களைத் தள்ளிவிட்டுட்டுத் தான் கரையில நிக்குது" என்று சொல்லிக்கொண்டே மாடி ஏறினான்.

தொட்டியை நிரப்பி, கோடு போட்டு, மழை விழாமல் மூடினான். எல்லாக் குழாயையும் இறுக்கினான். அன்று முழுக்க வீட்டில் ஒரு சொட்டு யாரும் எடுக்கவில்லை. சாயங்காலம் பார்த்தால், தண்ணீர் கோட்டுக்கு நாலு விரல் கீழே நின்றது.

குளியலறையில் இரண்டே இரண்டு டைல்ஸைப் பெயர்த்தான். உள்ளே குழாய் திரும்புகிற இடத்தில் போட்டிருந்த எல்போ, துருவேறி பாதி கரைந்து, சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தது. கைப்பிடிக்குள் அடங்குகிற சாமான். அதை மாற்றிவிட்டு, "இனி என் வேலை இல்லை" என்று போய்விட்டான்.

கார்த்திகையில் ஈரம் ஜன்னலிலிருந்து இறங்கியது. வீட்டுக்காரர் தினமும் சுவரைத் தொட்டுப் பார்த்தார். ஒருநாள், "டேப்காரன் இப்போதைக்கு வர வேண்டாம்" என்றார். சம்மட்டி கேட் வரை வந்து பார்த்துவிட்டு, வேறு தெருவுக்குப் போனான். மார்கழியில் கொத்துக் கரண்டி வந்து பூசினாள். பூச்சு காய்ந்த பிறகு பிரஷ் வந்தான். அதே பிரஷ், அதே மாந்தளிர். இந்தத் தடவை ஒட்டியது.

"பார்த்தீங்களாக்கா என் கைவண்ணத்தை!" என்றான் அவன், வெட்கமே இல்லாமல்.

தை பிறந்தது. பாக்கியம் நின்றாள். எதிரிலிருந்து கோமளா கூப்பிட்டாள்.

"பாக்கியம், உண்மையைச் சொல்லுடி. உன்னை இடிக்கறதாத்தானே இருந்தாங்க? எந்தக் காண்ட்ராக்டர் வந்து காப்பாத்தினான்? எனக்கும் சொல்லேன்."

பாக்கியம் வாயைத் திறந்தாள். துருப்பிடித்த ஒரு ரெஞ்சின் பெயரைச் சொல்ல வேண்டும். அவனை முதலில் வேண்டாமென்று ஒதுக்கியதைச் சொல்ல வேண்டும். ஒரு கைப்பிடி எல்போவுக்காக ஒரு கல்யாணப் பேச்சே முறிந்ததைச் சொல்ல வேண்டும். கோமளா சிரிப்பாள். தை முழுக்கச் சிரிப்பாள்.

"எல்லாம் எங்க வீட்டுப் பல்லி சொன்ன வாக்குதான்" என்றாள் பாக்கியம்.

காய்ந்த சுவரில் பூச்சி கிடைக்காமல் மெலிந்து கிடந்த பல்லி அதைக் கேட்டது. கேட்டதும் இறங்கி, தெருவைக் கடந்து, கோமளா பவனத்தின் வாசலில் போய் நின்றது.

"வாங்க, வாங்க!" என்று கோமளா இரண்டு கதவையும் அகலத் திறந்தாள். "என்ன பாக்கியம் செஞ்சிருக்கணும் நான்! எந்தச் சுவர்ல வேணும்னாலும் உட்காருங்க."

"ஏதோ ஒரு சுவர்னா சரிப்படாது" என்றது பல்லி. "உங்க வீட்டுல எது ஈரம்?"

கோமளா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "டைல்ஸுக்குப் பின்னாடி, எல்லாமே."

"ச்சு, ச்சு, ச்சு" என்றது பல்லி.

டொக், டொக், டொக் என்று தட்டியது கோமளாவின் தாழ்ப்பாள்.