ரொசாரியின் முகம்

கடலில் போனவனுடைய உடல் கிடைக்காவிட்டால், அந்தக் கரையில் வெறும் பெட்டியைப் புதைக்க மாட்டார்கள். அவனுடைய உருவமாக ஏதாவது ஒன்றை உள்ளே வைத்தாக வேண்டும்.

மகனைக் கடலுக்குக் கொடுத்த தொம்மை, அதற்காகத்தான் ரெஜினாளிடம் சீடனாகச் சேர்ந்தார்.

ஊருக்கு அவள் அரைக்கிறுக்கு. கரை ஒதுங்கும் உடைந்த பலகை, அறுந்த வலை, ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் பொறுக்கி வந்து, ஆள் உருவங்களாகக் கட்டி நிறுத்துவாள். யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. பயந்துபோய், செருப்பைத் தொலைத்தவன்கூட அந்தப் பக்கம் தேடப் போவதில்லை. தொம்மையைவிட வயதில் இளையவள்தான். ஆனாலும் அவர் அவளை அம்மா என்றே கூப்பிட்டார்.

"கட்டலாம், கோக்கலாம். கடல் தந்தது மேல கத்தி வைக்கக் கூடாது" என்றாள். அவளிடம் இருந்தது அந்த ஒரே விதிதான்.

தொம்மை தன் மகன் ரொசாரியைக் கட்டினார். படகுப் பலகையில் நெஞ்சு, கயிற்றில் கை, மிதவைக் கட்டையில் தலை. பாவம், அழுதுகொண்டேதான் கட்டினார். முகம் மட்டும் வரவே இல்லை.

விடிந்தால் அடக்கம். மனசு கேட்கவில்லை. கத்தியை எடுத்து, கட்டையில் கண்ணும் மூக்கும் வாயும் செதுக்கி, உருவத்தை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

மனைவி பிரகாசி ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"இது ஆரு? எம்புள்ளைக்கு மூக்கு இப்படியா இருந்துச்சி?"

கதவைச் சாத்திக்கொண்டாள்.

தொம்மை திரும்பி வந்து, உருவத்தை ரெஜினாள் முன்னால் கிடத்தினார். வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

"கத்தி வச்சிட்டேன் அம்மா. இது எம்புள்ள இல்லன்னு பிரகாசி கதவச் சாத்திட்டா."

அவள் திட்டவில்லை. குனிந்து, கழுத்து முடிச்சை அவிழ்த்து, தலையைக் கழற்றித் தனியே வைத்தாள்.

தொம்மை அந்தத் தலையை எடுக்கக் கை நீட்டினார். "ஐயோ! முகமில்லாம எம்மவன எப்படிப் பொதைப்பேன்?"

"நீங்க செதுக்கினது தப்புன்னு பிரகாசிக்கு எப்பத் தெரிஞ்சிச்சி, அண்ணாச்சி?"

"பாத்த உடனே."

"அப்ப முகம் கடலோட போகல. அது அவகிட்டத்தான் இருக்கு." ரெஜினாள் தலையில்லாத உருவத்தைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். "போனத மட்டும் பொதைங்க."