வாட்ச் சொன்ன நாற்காலி

நாள் முழுக்க நிற்பதற்குத்தான் சம்பளம் என்பது திருநெல்வேலி ஜவுளிக்கடை முதலாளி அருணாசலத்தின் கொள்கை. யாராவது உட்காருகிறார்களா என்று வேவு பார்க்க, சேலைப் பிரிவுப் பெண்களுக்கு ஆளுக்கொரு மலிவு ஸ்மார்ட்வாட்ச் மாட்டிவிட்டார்.

காலையிலிருந்து நின்றபடியே சேலை மடித்துக்கொண்டிருந்த இசக்கியம்மாளின் கையில் அது அதிர்ந்தது. 'ரொம்ப நேரமா உட்கார்ந்திருக்கீங்க, எழுந்து நடங்க' என்று எழுத்து ஓடியது.

முதலாளி பாய்ந்து வந்து பார்த்தார். "உக்காந்தியா? வேலையை விட்டுப் போ! வாட்ச் பொய் சொல்லாது."

"சத்தியமா சொல்லாது முதலாளி," என்றாள் இசக்கியம்மாள். "அப்போ நான் உக்காந்த நாற்காலி இங்கதான் இருக்கணும். கொஞ்சம் எடுத்துக் குடுங்க."

ஊழியர்களுக்கென்று அங்கே ஒரு முக்காலிகூடக் கிடையாது. சேலை எடுக்க வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். வாட்ச் பொய் சொன்னது என்று ஒத்துக்கொள்ளவும் முடியாமல், நாற்காலியைக் காட்டவும் முடியாமல் முழித்த முதலாளி, சாயங்காலமே நாற்காலி வாங்கிப் போட்டார்.

இசக்கியம்மாள் உட்கார்ந்தாள். வாட்ச் மறுபடி அதிர்ந்தது.

"சும்மா கெட," என்றாள். "இப்பதான் உக்காந்திருக்கேன்."