ஒரு கோட்டுக் கல்

சாணைக்கல் என்றால் கெட்டியாகவும் கண்ணாடிபோல் பளபளப்பாகவும் இருக்க வேண்டும் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இத்தனை பெரிய பிழையைச் சுமந்துகொண்டு அது எப்படித்தான் சுற்றுகிறதோ. தான் தேயாத கல் எதையும் தீட்டாது. குறும்பொறை நாட்டை இளங்கூத்தன் என்றொரு அரசன் ஆண்ட அந்தப் பழைய நாளில், மலைக்கல்லுக்குத் தரம் பார்த்த சிலம்பாயிக்கு இது தெரியும். கல்லை நனைத்து இரும்பால் தேய்ப்பாள். வெண்சேறு பாலாகக் கசிந்தால் செம்மண்ணால் ஒரு கோடு போடுவாள். அது முதல் தரம். கசியாவிட்டால் மூன்று கோடு.

அவள் சொல்லுக்கு அரண்மனையில் இருந்த மதிப்பு பண்டகசாலை அதிகாரி கொங்குராயருக்கு உறுத்தியது. மினுங்கும் மூன்று கோட்டுக் கல்லையும் மங்கலான ஒரு கோட்டுக் கல்லையும் சபையில் வைத்து, இவள் தரத்தை மாற்றி ஏமாற்றுகிறாள் என்றார். அரசன் அமைச்சர் மாறனாரைப் பார்த்தான். மாறனார் கல்லைத் தொட்டும் பார்க்கவில்லை. நாக்கு நுனியில் ஒரு வேடிக்கை வந்து நின்றது, அதை அவிழ்த்துவிட்டார்.

"முகம் தெரியும் கல் என்றால் சிலம்பாயிக்குப் பயம் போலிருக்கிறது, அரசே."

சபை சிரித்தது. சிரித்த வாயோடு அரசன், மூன்று நாளில் அவள் நாட்டைவிட்டுப் போகவேண்டும் என்றான்.

மாறனார் இரண்டு கல்லையும் வீட்டுக்குக் கொண்டுபோய் எழுத்தாணியைத் தீட்டிப் பார்த்தார். மினுங்கும் கல்லில் முனை மழுங்கியபடியே இருந்தது, மங்கல் கல்லில் ஊசியானது.

மூன்றாம் நாள் காலை சபையில் சொன்னார்: "திருவிழாவுக்கு முன் தாங்கள் செய்துகொள்ளும் சவரத்துக்கு ராயர் மெச்சிய மினுங்கும் கல்லிலேயே கத்தி தீட்டலாம், அரசே. முதலில் அவர் மீசையில் பார்த்துவிடுவோம். இடப்பக்கம் அவர் கல், வலப்பக்கம் அவள் கல்."

மறுத்தால் தன் கல்லையே மறுத்ததாகும். ராயர் உட்கார்ந்தார். இடப்பக்கம் கத்தி மயிரைப் பிடுங்கப் பிடுங்க, கண்ணீர் தாடைவரை வந்தது.

"வலிக்கிறதா?" என்றான் அரசன்.

"சுகமாக இருக்கிறது, அரசே. அம்மா."

வலப்பக்கம் முடிந்து நாவிதர் கத்தியைத் துடைத்தபோது ராயர், "ஆரம்பிக்கலாமே," என்றார்.

அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான். மீசை வளரும்வரை ராயர் மலையிலிருந்து கல் சுமக்கவேண்டும், சிலம்பாயி திரும்பலாம், அமைச்சருக்கு முத்துமாலை என்று தீர்ப்பானது. மாறனார் மாலையோடு எல்லை ஆற்றுத்துறைக்கு ஓடினார். அவள் ஓடத்தில் ஏறியிருந்தாள். ஆணை மாறியதையும் மீசை போனதையும் மூச்சிரைக்கச் சொன்னார். அவளுக்குக்கூடக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

"உங்க வாய் நல்ல கூருங்க, மந்திரி ஐயா. அன்னைக்கு அதைத் தீட்ட என்னையக் கல்லாக்குனீங்க. இன்னைக்கு ராயரை. நான் தேஞ்சது போதுங்க."

"நான் செய்தது பிழை, சிலம்பாயி," என்றார் மாறனார்.

"தெரியுதுங்க," என்றாள். ஓடக்காரன் கோலை ஊன்றினான்.

அந்த ஆண்டு மலைக்கற்கள் கோடு இல்லாமலே அரண்மனைக்கு வந்தன. பொங்கலன்று சமையலறையில் எந்தக் கத்தியும் இறங்காமல், பூசணிக்காயை வாசற்படியில் அறைந்து உடைத்தார்கள்.