ஒரு கிண்ணம் போதும்

“விடாம ஜெபிக்கிறேன் அம்மா. ஒரு பதிலும் இல்லை” என்றாள் குணவதி.

குடிலை நடத்தும் அரசியம்மா முற்றத்தில் கோழிகளுக்குக் கம்பு போட்டுக்கொண்டிருந்தார்.

“விடாமன்னா?”

“கண் முழிச்சதுலேர்ந்து. அடுப்படியில, பஸ்ஸுல, ரேஷன் கடை வரிசையில. வாய் ஓயறதே கிடையாது.”

“என்ன கேக்குறீங்க?”

“பிள்ளைங்க ரெண்டும் அதது வீட்டுக்குப் போயிடுச்சு. இனி எனக்கு என்ன வேலை வெச்சிருக்கே சாமின்னு கேக்குறேன். அது ஒண்ணுதான் கேள்வி. இங்கேயும் பதில் கிடைக்கலைன்னா விட்டுடலாம்னு இருக்கேன்.”

“எதை?”

“ஜெபத்தை.”

அரசியம்மா கையில் ஒட்டியிருந்த கம்பைத் தட்டிவிட்டார்.

“அக்காவுக்கு முட்டையில குஞ்சு பொரிக்க வைக்கத் தெரியுமா?”

குணவதி அவரைவிடப் பத்து வயது மூத்தவள். ஆனாலும் அவள் அவரை அம்மா என்பாள். அவர் அவளை அக்கா என்பார். குடிலில் யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

அந்தக் குடிலில் முட்டை சாப்பிடுவதில்லை. பூரான் தொல்லைக்காகக் கோழி வளர்த்தார்கள். கோழியானால் முட்டையிடும். அடைக்கு உட்காரக் கோழி இல்லாத மாதங்களில் முட்டைகள் ஒரு தெர்மாகோல் பெட்டிக்குள் போகும்.

பெட்டிக்குள் ஒரு பல்பு. ஒரு சின்ன விசிறி. சூடு ஏறினால் பல்பைத் தானாக அணைக்கும் ஒரு கருவி. மூடியில் கண்ணாடி. ஓரத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர்.

பெட்டி சமையலறையை ஒட்டிய அறையில் இருந்தது.

“சூடு முப்பத்தேழரை டிகிரியில நிக்கட்டும். காலை, மதியம், ராத்திரி முட்டையைப் புரட்டி வைங்க. தண்ணி ஒரு கிண்ணம் போதும்” என்றார் அரசியம்மா.

“ஏன் புரட்டணும்?”

“ஒரே பக்கமா கிடந்தா உள்ளே ஒட்டிக்கும்.”

“கோழியும் புரட்டுமா?”

“மூக்கால தள்ளிவிடும்.”

“அதுக்கு யார் சொல்லிக் குடுத்தா?”

“சொல்லிக் குடுத்தவரைப் பார்த்தா கேட்டுச் சொல்லுங்க.”

“சரிம்மா. என் கேள்விக்குப் பதில்?”

“இது பொரியட்டும்.”

குணவதி பெட்டிக்குப் பக்கத்திலேயே பாய் விரித்தாள். புரட்டும்போது ஜெபித்தாள். புரட்டி முடித்தும் ஜெபித்தாள்.

சமையல் பார்க்கும் செண்பகம் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

“மதினி, கொஞ்சம் மெதுவா. குஞ்சு வெளிய வரும்போதே சுலோகம் சொல்லிக்கிட்டு வந்துடப் போகுது.”

“வந்தா நல்லதுதானே” என்றாள் குணவதி.

ஒரு சாயங்காலம் விளக்கை அணைத்துவிட்டு அரசியம்மா ஒரு முட்டையை டார்ச்சின் மேல் வைத்தார்.

முட்டை முழுக்கச் சிவந்து நின்றது. உள்ளே வேர் ஓடினதுபோல் ரத்த நரம்பு. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி.

“அம்மா, அசையுது! அசையுதும்மா!”

“ம்.”

“இது என்ன? இந்த அகலமான பக்கத்துல மட்டும் ஒண்ணுமே இல்லையே?”

“காலி இடம்.”

“ஏன் காலியா இருக்கு?”

“உள்ளே இருக்கிற ஈரம் ஓடு வழியா கொஞ்சங்கொஞ்சமா வெளிய போகும். போன இடம் அது.”

“இன்னும் போகுமா?”

“போகணும்.”

அந்தச் சொல் குணவதிக்குப் பிடிக்கவில்லை.

கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மனுஷருக்கே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஓட்டுக்குள் இருக்கிற பிள்ளை என்ன பாடுபடும்?

அடுத்த நாள் அரசியம்மா வெளியூர் போனார். உடம்புக்கு முடியாத ஒருவரைப் பார்க்க. வர நாளாகும் என்றார்.

குணவதி இரண்டாவது கிண்ணம் வைத்தாள். அதோடு ஒரு துண்டை நனைத்துப் பெட்டியின் உள்சுவரில் சுற்றினாள். துண்டு காயக் காய நனைத்தாள்.

கண்ணாடியில் முத்து முத்தாக வேர்த்தது. அதைப் பார்க்க அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

பொரிய வேண்டிய நாளில் அரசியம்மா திரும்பி வந்தார்.

ஒன்றும் பொரியவில்லை. மறுநாளும் பார்த்தார்கள். அதற்கு அடுத்த நாளும் பார்த்தார்கள்.

அரசியம்மா ஒரு முட்டையைத் தட்டில் வைத்து உடைத்தார்.

முதலில் தண்ணீர் வழிந்தது. பிறகு குஞ்சு. இறகு இருந்தது. நகம் இருந்தது. மூக்கு நுனியில் ஓட்டைக் குத்தும் அந்த வெள்ளை முனைகூட இருந்தது. உயிர் இல்லை.

குணவதி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“எல்லாம் முழுசா இருக்கேம்மா. நகம்கூட இருக்கே. என்ன குறைஞ்சது?”

அரசியம்மா பெட்டிக்குள் கையை விட்டுத் துண்டை எடுத்தார். வாசலுக்குப் போனார். பிழிந்தார்.

நிறையத் தண்ணீர் விழுந்தது.

“ஓட்டுக்குள்ள இருக்கிற பிள்ளையா மூழ்கும்?” என்றாள் குணவதி.

“உள்ளே ஈரம் போகலைன்னா மூழ்கும்.”

“நான் பார்த்தேன்” என்றாள் செண்பகம். “மதினி துணி நனைச்சதை. அம்மாதான் சொல்லிட்டுப் போனாங்கன்னு நினைச்சுட்டேன்.”

யாரும் யாரையும் திட்டவில்லை. குணவதியே குழி தோண்டி எல்லா முட்டைகளையும் மூடினாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“எனக்கு இது ஆகாதும்மா. ஜெபமும் ஆகலை. இதுவும் ஆகலை. ஊருக்குப் போறேன்.”

“சரி. மடியைப் பிடிங்க.”

குணவதி ஏந்திய முந்தானையில் அரசியம்மா புது முட்டைகளை வைத்தார்.

“இதைப் பெட்டியில வெச்சுட்டுக் கிளம்புங்க.”

“வெச்சுட்டுப் போனா யார் புரட்டுறது?”

“அதானே” என்றார் அரசியம்மா.

குணவதி பையை இறக்கி வைத்தாள்.

இந்தத் தடவை ஒரு கிண்ணம்தான். அவ்வப்போது டார்ச் அடித்துப் பார்த்தாள். காலி இடம் எதுவரைக்கும் இருக்கிறதென்று ஓட்டின் மேல் பென்சிலால் கோடு போட்டாள். மறுபடி பார்த்தால் அது கோட்டைத் தாண்டியிருந்தது. இன்னொரு கோடு போட்டாள். அதையும் தாண்டியது.

“அம்மா, இது நிக்கவே மாட்டேங்குதே.”

“இருக்கட்டும்.”

“பயமா இருக்கு.”

“அதுவும் இருக்கட்டும்.”

ஒரு மதியம் வெயில் தாங்காமல் சொம்பைத் தூக்கிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் நின்றாள். கிண்ணத்தைப் பார்த்தாள். முட்டைகளைப் பார்த்தாள்.

தண்ணீரைத் தானே குடித்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

மூன்று வாரம் முடிய இரண்டு மூன்று நாள் இருக்கும்போது அரசியம்மாவே வந்து இன்னொரு கிண்ணம் தண்ணீர் வைத்தார். மூடியைச் சாத்தினார்.

“இனி புரட்ட வேண்டாம். திறக்கவும் வேண்டாம்.”

குணவதி இடுப்பில் கை வைத்தாள்.

“நான் வெச்சா குத்தம். நீங்க வெச்சா சரியா?”

அரசியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

“இப்போ ஓட்டை உடைக்கிற நேரம் அக்கா. உள்ளே ஜவ்வு காஞ்சா குஞ்சு ஒட்டிக்கும்.”

“அன்னைக்கும் இதே தண்ணிதானே?”

“இன்னைக்கு உள்ளே இடம் ஆயிடுச்சு.”

குணவதி அதை யோசித்துக்கொண்டே பாயில் உட்கார்ந்தாள். பாதி புரிந்தது. மீதி புரியவில்லை. புரியாத பாதிக்கும் சேர்த்து ஜெபிக்கத் தொடங்கினாள். இதுவாவது உயிரோடு வரட்டும் சாமி. ஒன்றாவது வரட்டும். எனக்குப் பதில் சொல்லாவிட்டாலும் போகிறது, இதைக் கைவிட்டுவிடாதே. சொல்லிக்கொண்டே இருந்தாள். இரண்டு நாள் சொன்னாள். சாப்பாட்டுத் தட்டைச் செண்பகம் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஜெபத்தின் நடுவில் அவளுக்குத் தும்மல் வந்தது.

தும்மி முடித்து மூக்கைத் துடைத்தாள்.

கீச்.

குணவதி வாசலைப் பார்த்தாள். முற்றத்தில் பெரிய கோழிகள்தான் மேய்ந்தன. குஞ்சு ஏது?

கீச். கீச்.

கண்ணாடியில் நெற்றியை ஒட்டி வைத்துப் பார்த்தாள். எல்லா முட்டையும் முழுசாக இருந்தது. ஒன்றில்கூட ஒரு கீறல் இல்லை.

“அம்மா! அம்மா, ஓடி வாங்க!”

அரசியம்மா வந்தார்.

“உடையவே இல்லை. மூடினது மூடினபடி இருக்கு. ஆனா உள்ளேர்ந்து சத்தம் வருது! மூடின முட்டைக்குள்ள எப்படிம்மா சத்தம்? காத்து வேண்டாமா? எங்கேர்ந்து கத்துது?”

அரசியம்மா குனிந்து காது வைத்துக் கேட்டார். அவர் முகம் மலர்ந்தது.

“அந்தக் காலி இடத்துல மூக்கை நுழைச்சிடுச்சு. முதல் மூச்சு அங்கேதான். மூச்சு வந்ததும் குரல் வரும்.”

குணவதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைக்கத் துடைக்க வழிந்தது.

“ரொம்ப நேரமா கத்துதா?” என்று கேட்டார் அரசியம்மா.

“இல்லைம்மா. இப்போதான்.”

அடுப்படியிலிருந்து செண்பகம் சொன்னாள்:

“காலையிலேர்ந்தே கூப்பிடுது மதினி. நீங்கதான் ஜெபத்துல இருந்தீங்க.”