முதுகு காட்டி நின்றவர்

கோயம்புத்தூருக்குத் தெற்கே, பாலக்காட்டுக் கணவாயின் காற்று வந்து மோதும் பொட்டல் ஒன்றில் கார்ப் பந்தயத் தடம் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் ஓடுகிற கார்களைப் பார்ப்பார்கள். ஓடாமல் நிற்கிற வண்டி ஒன்றும் அங்கே உண்டு. நாலாவது வளைவில், இடுப்பளவுச் சுவருக்குப் பின்னால், கிரேன் பூட்டிய மீட்பு வண்டி. தடத்தில் யாராவது மோதிக் கிடந்தால்தான் அது இருப்பதே தெரியும்.

அதற்குத் தலைவி ஜெசிந்தா. முப்பத்தைந்து வயதிருக்கும். அவளிடம் தொழில் கற்க வந்த சென்னியப்பனுக்கோ தாடி நரைத்துவிட்டது. திம்பம் மலைப்பாதையில் பள்ளத்தில் உருண்ட லாரிகளை மேலே ஏற்றியவர். அங்கே லாரி விழுந்தால், கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு முதலில் இறங்குகிறவர் அவர்தான். அந்தப் பெயர் அவருக்கு மலை அடிவாரம் வரைக்கும் இருந்தது.

"அண்ணன் இந்த வயசுல ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்திருக்காரு. ஆராச்சும் ஒரு சிலேட்டு வாங்கிக் குடுங்கப்பா" என்றான் கிரேன் ஓட்டும் ரங்கராசு.

"சிலேட்டு வேண்டாம் தம்பி. கொக்கியக் குடு. எங்க மாட்டறதுன்னு உனக்கே சொல்லித் தாரேன்" என்றார் சென்னியப்பன்.

ஜெசிந்தா அவருக்குக் கொக்கியைக் கொடுக்கவில்லை. கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு விசிலைக் கொடுத்தாள்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மோதிய காரை எடுக்கப் போகும்போது ஒருவர் மட்டும் சுவரோரம் நின்று, அந்தக் காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மற்ற கார்கள் வரும் திசையையே பார்க்க வேண்டும். எல்லாக் காரும் கடந்துபோய்விட்டது என்று அவர் கையைத் தூக்கினால்தான் மற்றவர்கள் சுவரைத் தாண்டலாம். விசில் ஊதினால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடி வந்துவிட வேண்டும். பின்னால் என்ன நடந்தாலும் அவர் மட்டும் திரும்பக் கூடாது.

சென்னியப்பனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"அம்மிணி, இத்தனை வருசமா விழுந்தவன் மூஞ்சியப் பாத்துத்தான் என்ற கையி வேலை செஞ்சிருக்குது. முதுகைக் காட்டிட்டு நிக்கறதுக்கா என்னைக் கூப்பிட்டீங்க?"

"ஆமாங்ணா."

"அது என்ன நியாயம்?"

"நாளைக்குப் பந்தயம் இருக்கு. நின்னு பாருங்க."

மறுநாள் வெயில் ஏறிய நேரத்தில் நாலாவது வளைவில் ஒரு நீலக் கார் சுழன்றது. டயர்களை அடுக்கிய தடுப்பில் மோதி, துள்ளி, தடத்தின் நடுவிலேயே வந்து நின்றது. ஓட்டியவன் பாலக்காட்டுப் பையன். அவன் கை அசைவதை எல்லாரும் பார்த்தார்கள்.

ஜெசிந்தா வயர்லெஸ்ஸை எடுத்தாள்.

"சிவப்புக் கொடி காட்டுங்க சார். எல்லா வண்டியும் நிக்கட்டும்."

பந்தய இயக்குநர் விசாகன் மேடையிலிருந்து பதில் சொன்னார். "சிவப்பெல்லாம் கிடையாது. கோப்பை குடுக்க வந்தவரு கெளம்பணும்கறாரு. மஞ்சள் போதும். வண்டிங்க மெதுவா ஓடிட்டே இருக்கும். நீங்க சட்டுனு இறங்கி எடுங்க."

மஞ்சள் கொடி விரிந்தது. சென்னியப்பன் தம் இடத்தில் போய் நீலக் காருக்கு முதுகைக் காட்டி நின்றார். கார்கள் வேகத்தைக் குறைத்து, எறும்புச் சாரிபோல ஒன்றன் பின் ஒன்றாகக் கடந்தன. சாரி முடிந்தது. தடம் காலியாகக் கிடந்தது. காற்று மட்டும் வந்தது.

அவர் கையைத் தூக்கவில்லை.

"அண்ணா?" என்றாள் ஜெசிந்தா.

"வெள்ளை வண்டி ஒண்ணு டயர் மாத்த உள்ள போச்சு. அது இன்னும் வரலை."

பின்னாலிருந்து குரல் வந்தது. "சேட்டா! சேட்டா, பெல்ட்டு கழட்ட வரலை!"

சென்னியப்பனின் கழுத்து நரம்பு இழுத்தது. குரலைக் கேட்டே ஆளின் நிலையைச் சொல்லிவிடக்கூடியவர் அவர். பள்ளத்தில் எத்தனையோ குரல்களைக் கேட்டிருக்கிறார். இது வலியில் வருகிற குரலா, பயத்தில் வருகிற குரலா? இரண்டும் கலந்து வந்தது. ஒருமுறை திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். அவர் திரும்பவில்லை.

"அண்ணா, புகை வருது."

"நெருப்பா?"

"தெரியலை. வெள்ளையா வருது. கையத் தூக்குங்க."

"இன்னும் ஒண்ணு வரோணும் அம்மிணி."

"தூக்குங்கன்னு சொல்றேன்ல! தலைவி நான் சொல்றேன்!"

அவருடைய கை தொடையோடு ஒட்டிக் கிடந்தது. அது தம்முடைய கைதானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. பையன் அழத் தொடங்கியிருந்தான். வயர்லெஸ்ஸில் விசாகன் கத்தினார். "என்ன அங்க? வேடிக்கையா பாக்கறீங்க? இறங்குங்கய்யா!"

ஜெசிந்தா ஒரு காலைத் தூக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் போட்டாள். கொக்கிகளோடு நின்ற உதவியாட்கள் இருவரும் சென்னியப்பனின் கையைப் பார்த்தபடி நின்ற இடத்திலேயே நின்றார்கள். அவளும் அவர் கையைப் பார்த்தாள். பிறகு காலை இழுத்துக்கொண்டாள்.

வெள்ளைக் கார் வந்தது.

எவ்வளவோ மெதுவாக வந்தது. தடத்தின் மறு ஓரமாக ஒதுங்கி, கல்யாண ஊர்வலத்துக் கார்போல நீலக் காரைச் சுற்றிக்கொண்டு போயிற்று. ஓட்டியவன் கையை வேறு ஆட்டிவிட்டுப் போனான்.

சென்னியப்பன் கையைத் தூக்கினார்.

எல்லாரும் ஓடினார்கள். புகை என்றது வெறும் நீராவி, ரேடியேட்டர் உடைந்திருந்தது. பையனின் பெல்ட்டை அறுத்து வெளியே எடுத்தார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. கைத்தாங்கலாகச் சுவரருகே கொண்டுவந்தபோது அவன் சென்னியப்பனைப் பார்த்தான்.

"எத்தனை தடவை கூப்பிட்டேன் சேட்டா. ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாமே."

 சென்னியப்பனின் கண்கள் இன்னமும் கார் வரும் திசையில்தான் இருந்தன.

பந்தயம் முடிந்ததும் விசாகன் ஜீப்பில் நேரே அங்கே வந்தார். இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"மாட்டுவண்டி வேகத்துல ஒரு காரு. அதுக்குப் பயந்துட்டு அத்தனை பேரும் சுவத்துக்குப் பின்னால! டிவியில ஊரே பாத்துச்சு. அந்தப் பெரிய மனுசன் பாதியிலயே எந்திரிச்சுப் போயிட்டாரு. யாருய்யா அந்த ஆளு?"

"நானுங்க" என்றார் சென்னியப்பன்.

"மெசினு தெரிஞ்ச ஆளுன்னு கூட்டிட்டு வந்தா, சோளக்காட்டுப் பொம்மை மாதிரி நிக்கறே. உன் தலைவி சொன்னதையே நீ கேக்கலை. வயர்லெஸ்ஸுல நான் கேட்டுட்டுத்தான் இருந்தேன். விசிலைக் கழட்டு."

"இது நீங்க குடுத்ததில்லீங்களே."

விசாகன் ஜெசிந்தாவிடம் திரும்பினார். "நீ சொல்லு. உன் பேச்சைக் கேக்காத ஆளை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே? இப்பவே அனுப்பிவிடு."

"அனுப்ப மாட்டேன் சார்."

"அப்ப நீயும் கெளம்பு."

"சரிங்க. இன்னும் ஒரு பந்தயம் பாக்கி இருக்கு. வண்டி விழுந்தா நீங்களே இறங்கி எடுத்துக்குங்க."

அவள் கையுறைகளைக் கழற்றி மீட்பு வண்டியின் முன்னால் வைத்தாள். கொக்கி பிடிக்கும் இருவரும் தங்கள் கையுறைகளை அவற்றின்மேல் வைத்தார்கள். ரங்கராசு எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு கீழே குதித்தான்.

"கொக்கி மாட்டறது சுளுவுதானுங்க சார். வாங்க, நான் சொல்லித் தாரேன். அந்தச் சட்டை மட்டும் அழுக்காகும், பரவாயில்லீங்களா?"

விசாகன் நால்வரையும் பார்த்தார். அடுத்த பந்தயத்துக்கான கார்கள் தொடக்கக் கோட்டில் வரிசையாக உறுமிக்கொண்டு நின்றன. மீட்பு வண்டி தயார் என்று நாலாவது வளைவிலிருந்து சொல்லாமல் அவை கிளம்பக் கூடாது என்பது அவருக்கும் தெரியும்.

"சாயங்காலம் பேசிக்கறேன்" என்று ஜீப்பில் ஏறினார்.

"யார்கூடங்க?" என்றான் ரங்கராசு. ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

கடைசிப் பந்தயத்தில் யாரும் விழவில்லை. சென்னியப்பன் அது முடியும் வரைக்கும் தம் இடத்திலேயே நின்றிருந்தார். பார்க்க வந்தவர்கள் கலைந்தார்கள். காற்று காலி பாட்டில்களைத் தடத்தில் உருட்டி விளையாடியது. ஜெசிந்தா இழுவைப் பட்டைகளை உதறிச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்காவ நீங்க பொழப்பையே தூக்கிப் போட்டீங்க அம்மிணி. அதுக்குப் பெறுமானமா நான் ஒண்ணும் செய்யலையே. அந்த வெள்ளை வண்டி பூனை மாதிரில்ல வந்துட்டுப் போச்சு."

அவள் பட்டையைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"புகை நெருப்பா இருந்திருந்தா அந்தப் பையன்..."

"ம்."

"அப்பவும் நான் கையத் தூக்கியிருக்க மாட்டேன். அது தெரியறப்பதான் எனக்கே பயமா இருக்குது."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

பட்டை தீர்ந்தது. அவர் கையிலிருந்த முனை அவள் கைக்குப் போயிற்று. போகத் திரும்பியவர் நின்றார்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்ணா."

"கையத் தூக்குங்கன்னு சத்தம் போட்டீங்களே. நான் தாக்குப் பிடிக்கறனான்னு சோதிச்சுப் பாத்தீங்களா?"

"இல்லீங்ணா. நெசமாத்தான் சொன்னேன்."

"அந்த வெள்ளை வண்டி?"

"அது எனக்கு மறந்தே போச்சு. நீங்க சொன்னதும் மண்டையில ஏறலை. அந்தப் பையன் அழுததுதான் காதுல இருந்துச்சு."

சென்னியப்பன் அவளையே பார்த்தார். திம்பத்தில் இடுப்புக் கயிற்றோடு முதல் ஆளாக இறங்கிய அத்தனை முறையும், விழுந்தவனின் குரலைத் தவிர வேறு எந்தச் சத்தமும் தம் காதில் விழுந்ததாக அவருக்கு நினைவில்லை.

"நீங்க தலைவி. நீங்களே இப்படின்னா எப்படிங்க?"

ஜெசிந்தா பட்டையை வண்டிக்குள் போட்டுக் கதவைச் சாத்தினாள்.

"அதனாலதான் விசிலை நான் வெச்சுக்கறதில்லை."