பூவாயிக்குப் பிடித்தது

சோலைமலைக்கு அறுபது வயது. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் குருவாக ஏற்றுக்கொண்ட மடத்துச் சாமிக்கோ அவருடைய மகன் வயதுதான் இருக்கும். ஊரில் கேலி பேசாத வாய் இல்லை. சோலைமலை அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று மடத்துக்கு வந்தவர் சாமியை வணங்கிவிட்டு ஓரமாக உட்கார்ந்தார்.

"என்ன, முகம் வாடியிருக்கு?" என்றார் சாமி.

"வர்ற அமாவாசைக்கு அம்மாவுக்குத் தலைத்திவசம் சாமி. அவங்களுக்குப் பிடிச்சதைச் சமைச்சுப் படைக்கணும். வீட்டுல அதுக்கே சண்டை. அயிரை மீன் குழம்புதான் பிடிக்கும்ங்கிறார் அண்ணன். பால் பணியாரம்தான்னு தங்கச்சி. என் மக இருக்காளே, அப்பத்தாவுக்கு நூடுல்ஸுன்னா உசிருங்கிறா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எள்ளுத் துவையல்."

"சரி. உங்க அண்ணனுக்கு என்ன பிடிக்கும்?"

"அயிரை மீன் குழம்பு."

"தங்கச்சிக்கு?"

"பால் பணியா…" வார்த்தை பாதியிலேயே நின்றுவிட்டது.



சோலைமலைக்குக் கண் கலங்கியது. அம்மா பூவாயி, பெற்ற பிள்ளைகளுக்கு மட்டுமா ஆக்கிப் போட்டாள்? பேரன் பேத்தி அத்தனை பேருக்கும் ஆக்கிப் போட்டவள். எல்லாரும் தின்று எழுந்த பிறகு சட்டியில் மிஞ்சியதை வழித்துத் தின்றவள். அவளுக்கு எது பிடிக்கும் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

"நானெல்லாம் ஒரு பிள்ளையா சாமி? வெறும் இலையைத்தான் போடணும் போலிருக்கு."

"அவங்க சமைக்காத இடம்னு ஒண்ணு இருக்குமில்ல? அங்கே போய்க் கேளுங்க."

சோலைமலை வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனார். கோயிலா? அங்கேயும் பொங்கல் வைத்தாள். கல்யாண வீடா? போன கையோடு அடுப்படிக்குள் நுழைந்துவிடுவாள். மருந்துக்குக்கூட அப்படி ஓர் இடம் அகப்படவில்லை. வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் செவ்வாய்ச் சந்தை ஞாபகத்துக்கு வந்தது. வாராவாரம் கீரைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அங்கே போவாளே!

செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போனார். பூவாயி கடை போட்ட இடத்துக்குப் பக்கத்தில் பூண்டு விற்கும் சீனியம்மாள் கிழவி இருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் பொக்கை வாய் தெரியச் சிரித்தாள்.

"ஒங்காத்தாளுக்கா? சேமியா ஐஸு!"

"ஐஸா?"

"ஆமாய்யா. வெயில் ஏறினதும் ஐஸ் வண்டி வரும். ஒண்ணு வாங்கிக் கண்ணை மூடிக்கிட்டுத் தின்பா பாரு… யாராச்சும் கீரை என்ன வெலைன்னு கேட்டா வாயே தெறக்க மாட்டா. நான்தான் வித்துக் குடுப்பேன்."

சோலைமலைக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, சொல்ல வெட்கமாக இருந்தாலும், சுருக்கென்று தைத்தது. அம்மா தனியாகத் தின்றிருக்கிறாள்.

"எங்களுக்கும் ஒண்ணு கொண்டாந்து தரணும்னு அம்மாவுக்குத் தோணலையா ஆத்தா?"

"அட கூறுகெட்ட பயலே! முறுக்கு வாங்கினா ஒண்ணக்கூட வாயில வைக்க மாட்டா. புள்ளைகளுக்குன்னு முந்தானையில முடிஞ்சுக்குவா. நீங்க வளந்த பெறகு பேரப்புள்ளைகளுக்குன்னு முடிஞ்சா. ஐஸை எப்படிடா முடியறது? அதனாலதான் அது அவ வயித்துக்குப் போச்சு."

அங்கேயே சந்தை நடுவில் நின்று அழுதார் சோலைமலை. பூண்டு வாங்க வந்தவர்கள் விலகிப் போனார்கள். அழுது முடித்தபோது மனசு லேசாகிவிட்டிருந்தது. எங்கள் அம்மாவும் ஒன்றை ஆசை ஆசையாய்த் தின்றிருக்கிறாள் என்று நினைக்க நினைக்க அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சந்தையிலிருந்து நேரே மடத்துக்குப் போனார். நடந்ததை ஒரே மூச்சில் சொன்னார். சாமி கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"அப்புறம் என்ன? இலையில சேமியா ஐஸை வைக்க வேண்டியதுதானே?"

"வைக்கலாம்தான் சாமி. ஆனா சாம்பிராணி போட்டு, சூடம் காட்டி, எல்லாரும் விழுந்து கும்பிட்டு எந்திரிக்கிறதுக்குள்ள அது உருகித் தண்ணியா ஓடிடுமே! அம்மா வந்து பாக்கிறப்போ வெறும் குச்சிதானே கெடக்கும்?"

"நீங்க ஏன் கவலைப்படறீங்க?" என்றார் சாமி. "உருகுறதுக்குள்ள சாப்பிடத் தெரிஞ்சவங்கதானே உங்க அம்மா."